கொடுத்த கையே பிடுங்கினால்

மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளில் சில, விஞ்ஞானக் கருவிகளைச் சுமந்துகொண்டு புனேக்கு வருகின்றன. மலைப்பாதை ஏறி, வாகட்டைத் தாண்டிவிட்டால் பாஷாண் பக்கம்தான். தேசிய ரசாயன ஆய்வகம், ஐசர் என்று வரிசையாக ஆராய்ச்சிக் கூடங்கள். அங்கிருந்து பல்கலைக்கழக வளாகமும் தூரமில்லை. துறைமுக வாசலைத் தாண்டிய பிறகு சில மணி நேரப் பயணம். வாசலைத் தாண்டுவதுதான் பெரும்பாடு.

புனே விஞ்ஞானிகளின் தலைமுறைக்கு இது பழக்கமான கதை. புனே அருகே கோடாட் கிராமத்தில் தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களுடன் ராட்சத ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப், 1950களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிட்னியில் வேலை முடிந்து கிடந்த 32 சிறிய டிஷ் ஆன்டெனாக்களை இந்தியாவுக்கு இனாமாகவே தர ஆஸ்திரேலியர்கள் தயார். ஆனால் கப்பல் கூலிக்கு அந்நியச் செலாவணி? பொருள் இலவசம், கூலிக்குப் பணமில்லை. இழுபறியில் காலம் ஓடியது. 1956இல் ஸ்வரூப் அமெரிக்கா போய்விட்டார். ஹோமி பாபா அழைத்து அவர் 1963இல் திரும்பிய பிறகு, 1965இல்தான் அந்த டிஷ்கள் மும்பை அருகே கல்யாணில் சூரியனைப் பார்க்கத் தொடங்கின. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1970இல், ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை எழுப்பிக் காட்டியவர் அவர். அப்படிப்பட்டவரின் கருவிகள் எத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்தன!

அந்நியச் செலாவணிப் பஞ்சம் 1991க்குப் பிறகு தீர்ந்தது. 1996 ஜூலை 23 அன்று மத்திய அரசு 51ஆம் எண் சுங்க அறிவிக்கையை வெளியிட்டது. அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள் ஆராய்ச்சிக்காக இறக்குமதி செய்யும் கருவிகள், உதிரி பாகங்கள், சாஃப்ட்வேர் எல்லாவற்றுக்கும் வரிச் சலுகை. நிபந்தனைகளும் நியாயமானவை. மத்திய அரசின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சித் துறையிடம் பதிவு வேண்டும். 'இது ஆராய்ச்சிக்கு மட்டுமே' என்று நிறுவனத் தலைவர் சான்றிதழ் தர வேண்டும். கருவியை நிறுவிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. அந்த நவம்பரில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு 5 சதவீதம் போதும் என்றார்கள். 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகையை ரத்து செய்தார்கள். பெரும்பாலான கருவிகள் 18 சதவீதத்துக்குப் போயின. ஒரு கோடி ரூபாய் கருவிக்கு, சுங்க வரியைச் சேர்க்காமலே, 13 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு. இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கு 2023 முதல் மாத உதவித்தொகை 37,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாணவரின் கிட்டத்தட்ட மூன்று வருட உதவித்தொகை, ஒரே ஒரு கருவியின் வரியில் கரைகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொழிற்சாலை முதலாளி மெஷின் வாங்கி 18 சதவீதம் கட்டினால், தான் விற்கும் பொருளின் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் எதை விற்றுக் கழிப்பது? வரி முழுவதும் அதன் தலையில்தான். அந்தப் பணமும் பெரும்பாலும் அரசு கொடுத்த மானியம். ஒரு துறை கொடுக்கிறது, இன்னொரு துறை எடுத்துக்கொள்கிறது. நடுவில் நஷ்டப்படுவது ஆராய்ச்சி.

சலுகை என்றால் தில்லுமுல்லும் வரும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். பொய்யல்ல. ஆனால் திருடனைப் பிடிக்க ஊரையே பூட்டுவதா? 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களின் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 150 ஆக்கினார்கள். அந்தத் தலைப்பில் சாராயம் இறக்குமதியாகிறது என்பது காரணம். விஞ்ஞானிகள் அலறியதும், சொந்த உபயோகத்துக்கு என்று உறுதிமொழி கொடுப்பவர்களுக்கு சில நாட்களிலேயே பழைய வரி திரும்பியது. சாராயத்தை மட்டும் விலக்கிவைக்க முடியும் என்பது முதலிலேயே தெரியாதா?

நல்ல காரியமும் நடக்கிறது. ஆராய்ச்சி மானியத்துக்கே ஜி.எஸ்.டி. கேட்டு நோட்டீஸ் அனுப்பிய கூத்துக்கு 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு கட்டியது. 2025 ஜூனில் துணைவேந்தர்களும் இயக்குநர்களும் 200 கோடி ரூபாய் வரை உலகளாவிய டெண்டருக்குத் தாங்களே அனுமதி தரலாம் என்றானது. ஆனால் 2025 செப்டம்பரில் சோப்புக்கும் ஷாம்பூவுக்கும் 5 சதவீத வரி வந்தபோது, ஆராய்ச்சிக் கருவிகளின் பழைய சலுகை திரும்பவில்லை.

உள்நாட்டிலேயே செய்துகொள்ளலாமே என்பவர்களுக்கு கோடாட் நல்ல உதாரணம்தான். கம்பி வலையையும் எஃகுக் கயிற்றையும் வைத்து மலிவாக ஆன்டெனா செய்யும் உத்தி அங்கே பிறந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கல்யாண், ஒரு ஊட்டி தேவைப்பட்டது. கருவியைக் கையாண்டு பழகியவன்தான் அடுத்ததைத் தானே செய்வான். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைத் தொட்டே பார்க்காத மாணவன் எப்படி அதைச் செய்வான்?

கேட்பது இலவசமல்ல. பழைய 5 சதவீதம், தலைவரின் சான்றிதழ், ஐந்து ஆண்டு விற்பனைத் தடை. ஏமாற்றுபவருக்குக் கடும் அபராதம். இந்த ஏற்பாட்டைப் பத்து ஆண்டுகளுக்காவது மாற்றாமல் இருக்க ஓர் உத்தரவாதம். மூன்று வருட ஆராய்ச்சித் திட்டத்தின் பட்ஜெட்டைப் போடுபவருக்கு, கருவி வந்து இறங்கும் நாளில் வரி எவ்வளவு என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.