உன் பொருளா இருந்தா இப்படிப் போடுவியா?

தமிழ்நாட்டில் காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளைப் பார்க்காதவர் யார்? டயர் மக்கி, சீட் கிழிந்து, ஓணான் குடியிருக்கிற வண்டிகள். 'வழக்குச் சொத்து' என்று பெயர். யாருடைய சொத்து என்று கேட்டால்தான் பதில் வராது. கலவரம் என்று சொல்லிச் சேரிக்குள் வேன் நுழையும்போது ஆளோடு சேர்த்து அள்ளிப் போவது நம்ம சைக்கிளையும் டி.வி.எஸ்.50-ஐயும்தான். ஆள் ஜாமீனில் வந்துவிடுகிறான். வண்டி வருவதில்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. நகைக்கடன் மேசையில் உட்காருகிறவன். களையெடுக்கப் போகிற ஒரு அம்மா அரைப் பவுன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தால் உரசிப் பார்த்து, எடை போட்டு, பையில் கட்டி, எண் எழுதி, கையில் ரசீது கொடுத்து, பெட்டகத்தில் வைக்கிறோம். ரெண்டு சாவி, ரெண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். இது வங்கியின் பெருந்தன்மை அல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு 'பெயில்மெண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஒரு காரியத்துக்காக அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கி, காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. சாதாரண அறிவுள்ள ஒருவன் அதே சூழ்நிலையில், அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. பொருள் காணாமல் போனால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்ட வேண்டியவன் வாங்கி வைத்தவன். கொடுத்தவர் அல்ல.

'தன் சொந்தப் பொருளைப் போல.' வெள்ளைக்காரன் எழுதிய அளவுகோல். இந்த நாட்டில் அது எங்கே உடையும் என்று அவன் யோசித்திருக்க மாட்டான். நம்ம டம்ளரைத் தனியாக வைக்கிற கை, நம்ம செருப்பைக் கழற்றச் சொல்கிற வாய், நம்ம சைக்கிளைத் தன் சைக்கிளாக நினைத்துப் பார்க்குமா? தீட்டான வண்டிக்கு எவன் தார்ப்பாய் போட்டு மூடுவான்? அலட்சியம் என்கிறோம். இல்லை தோழர்களே, இது சாதி.

எங்க சித்தப்பா சைக்கிளை 1998-இல் ஒரு திருவிழாத் தகராறில் எடுத்துப் போனார்கள். ஆர்டர் வாங்கிக்கொண்டு போனபோது செயின் இல்லை, டைனமோ இல்லை, பின்சக்கரமே இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "மொதல்ல இது ஓன் வண்டிதானான்னு காட்டுடா." சந்தையில் பழசாக வாங்கிய சைக்கிளுக்கு பில்லுக்கு எங்கே போவது? வாங்கி வைத்தவன் நிரூபிக்க வேண்டியதை, பறிகொடுத்தவன் தலையில் கட்டுகிற வித்தை இதுதான்.

நீதிமன்றமும் ஒரு காலத்தில் இதே பாட்டைத்தான் பாடியது. மீரட்டில் ஒரு வியாபாரியிடம் போலீஸ் பிடித்த தங்கத்தைத் தலைமைக் காவலரே சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிப்போனார். அரசு பொறுப்பல்ல, அது இறையாண்மை அதிகாரம் என்றது கஸ்தூரி லால் வழக்கில் 1964 தீர்ப்பு. என்ன இறையாண்மையோ! ஆனால் 1967-இல், குஜராத் அரசுக்கு எதிராக மேமன் முகமது தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் போடாவிட்டாலும், பறிமுதல் செய்த வண்டிகளுக்கு அரசு பெயிலிதான், பத்திரமாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டது என்று உச்சநீதிமன்றமே சொன்னது. 1977-இல் மைசூர் வழக்கு ஒன்று. காவல் நிலையத்தில் நகை களவுபோனது. அதன் மதிப்பை அரசே கொடு என்றார்கள். 2002-இல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில், வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் போட்டு வைப்பதில் ஒரு பயனும் இல்லை, உரிய பத்திரமும் பிணையும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் விடுங்கள் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவு, நீதிமன்றத்தில் காட்டப்பட்ட பொருளுக்கு 14 நாளில் விவரப் பட்டியலும் புகைப்படமும் எடு, அதன்பின் 30 நாளில் யாரிடம் கொடுப்பது என்று உத்தரவு போடு என்கிறது.

சில தோழர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கொலை விழுகிற இடத்தில் சைக்கிள் செயினா? ஆமாம், செயின்தான். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் வீடுவீடாகப் புகுந்து நொறுக்கியது ஆட்களை மட்டுமா? நம்ம சனங்க சிறுகச் சிறுகச் சேர்த்த பண்டங்களை அல்லவா! அங்கே ஒரே பகலில் உடைத்தார்கள். நிலைய வளாகத்தில் மழையும் வெயிலும் அதே வேலையை வருசக்கணக்கில் செய்கின்றன. சைக்கிள் போனால் கொத்தனாருக்குக் கூலி போச்சு. விசாரணை இல்லாமலே தண்டனை.

லாக்கர் வைத்திருக்கிறவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் வங்கிகள் கைகழுவ முடியாது என்றது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கி, வங்கித் தரப்புக் குறையாலோ ஊழியர் மோசடியாலோ பொருள் போனால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை பொறுப்பு என்று விதித்தது. நாம் கேட்கவில்லை.

சட்டக் கல்லூரித் தோழர்கள் அடுத்த முறை சேரிக்குள் வேன் வரும்போது கூட நில்லுங்கள். மகஜரில் வெறுமனே 'பழைய சைக்கிள் ஒன்று' என்று எழுத விடாதீர்கள். செயின், டைனமோ, டயர், பிரேம் நம்பர் எல்லாம் ஏறணும். உரிமையாளர் கையில் நகல் வேணும். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்க. வாரத்துக்குள் மனுப் போடுங்க. எடுக்கப் போகும்போது அந்தப் படத்தையும் பட்டியலையும் மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள்: பின்சக்கரம் எங்கே சார்?