கணக்கும் வேண்டும், சந்தேகமும் வேண்டும்

நானோ தொழில்நுட்பம் என்றாலே கோடிக்கணக்கில் கருவி வாங்கிய ஆய்வுக்கூடம்தான் என்ற எண்ணம் பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகளிலும் உண்டு. கணினியில் செய்யும் ஆய்வு வசதியில்லாதவர்களின் மாற்று வழியாகவே பார்க்கப்படுகிறது. ஆனால் கார்பன் நானோகுழாயின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் இக்குழாய்களை விவரித்தார். மறு ஆண்டே கோட்பாட்டாளர்கள் முந்திக்கொண்டார்கள். ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளைப் பாயைப் போல எந்தச் சாய்வில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, குழாய் உலோகமாகவோ குறைகடத்தியாகவோ அமையும் என்று கணக்கிட்டார்கள். சுருட்டலைக் குறிக்கும் இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் வகுபட்டால் உலோகம், இல்லையேல் குறைகடத்தி. நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அதை அளந்து உறுதிசெய்தது 1998இல்தான்.

இன்று இத்தகைய கணக்குகளைச் செய்யும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, சியஸ்டா போன்ற மென்பொருள்கள் இலவசம். இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா போன்ற மீக்கணினி இருப்பது நல்லதே. ஆனால் சுருட்டல் எண்கள் 9, 0 ஆக உள்ள (9,0) குழாயில், திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகில் இருப்பவை 36 அணுக்கள். அதற்குச் சாதாரண மடிக்கணினியே போதும். கணினி தரும் எண்ணை எப்படி நம்புவது என்று ஆய்வுக்கூடக்காரர்கள் கேட்பதும் நியாயம்தான். பரவலாகப் பயன்படும் அடர்த்திச் சார்பு முறை (DFT), குறைகடத்திகளின் ஆற்றல் இடைவெளியைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். எளிய விதியும் தவறலாம். அந்த (9,0) குழாயையே பாருங்கள்: மூன்றால் வகுபடும் விதிப்படி அது உலோகம். குழாயின் வளைவையும் கணக்கில் சேர்த்தால் சின்ன இடைவெளி திறக்கிறது. 2001இல் அளந்தபோது சுமார் 0.08 எலக்ட்ரான் வோல்ட் இருந்தது.

கணக்கு பிழைபட்டாலும் வீணாவதில்லை என்பதற்கு பெங்களூருவிலேயே சான்று உண்டு. உலோக நானோகுழாய் மேல் திரவம் ஓடினால் மின்னோட்டம் பிறக்கும் என்று பெத்ர் க்ரால், மோஷே ஷபீரோ இருவரும் 2001இல் கணித்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் அஜய் சூத் குழுவினர் சோதித்தபோது மின்னழுத்தம் உண்மையிலேயே எழுந்தது. ஆனால் அது கணித்தபடி திரவ வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடவில்லை, மடக்கை அளவில் மெல்லத்தான் கூடியது. 2003இல் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்த முடிவு, காரணம் குறித்த விவாதத்தைத் தொடங்கிவைத்தது. கணிப்பு இல்லையென்றால் இந்த முரணே கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே கல்லூரிகள் கணினிவழி ஆய்வைப் பாடமாக்கட்டும், ஒரு நிபந்தனையோடு. வண்ண வரைபடம் மட்டும் ஒட்டிய திட்ட அறிக்கைக்கு மதிப்பெண் கூடாது. எந்தத் தோராயத்தை எடுத்தார்கள், கணக்கீட்டின் அமைப்புகளை மாற்றியபோது விடை எவ்வளவு நகர்ந்தது, அளந்த மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை மாணவர் எழுதியிருக்க வேண்டும்.