1991 இல் உறைந்துபோன வீடுகள்

இலண்டன் புறநகர் ஒன்றில் தனியாக வாழும் என் தங்கை, கடந்த முறை நான் அங்கு தங்கியிருந்தபோது, உள்ளூராட்சி சபையின் வரிக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "அண்ணை, நீங்கள் பத்திரிகைக்காரர்தானே, இதுக்கொரு நியாயம் சொல்லுங்கோ" என்றாள். அவளது வீடு டி தரம். சுவரோடு ஒட்டிய அயல் வீடு அதே அளவு, அதே அறைகள். அது சி தரம். இதனால் ஒவ்வோர் ஆண்டும் அயல் வீட்டுக்குரிய வரியைவிட எட்டில் ஒரு பங்கு அதிகமான வரி இவள் வீட்டுக்கு. ஆராய்ந்து பார்த்ததில் எனக்கு நியாயம் அகப்படவில்லை, வரலாறுதான் அகப்பட்டது.

'கவுன்சில் ரக்ஸ்' எனப்படும் இவ்வரி 1993 இல் வந்தது. தலைக்கு இவ்வளவு என விதிக்கப்பட்ட வரிக்கு எதிராக 1990 மார்ச் 31 இல் இலண்டன் தெருக்களில் கலவரம் வெடித்தது. அவ்வரியைக் கைவிட்ட ஆட்சியாளர், அவசரமாக வேறொன்றைத் தேடினர். வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுத் தரங்களாகப் பிரித்தனர். 1991 ஏப்ரல் 1 இல் அவ்வீடு என்ன விலை போயிருக்கும் என்பதே அளவுகோல். மதிப்பீட்டாளர் பலர் வாகனத்தை விட்டு இறங்காமலே தெருவைக் கடந்தபடி தரம் இட்டனர். அந்தத் தரமே இங்கிலாந்தில் இன்றும் நிற்கிறது. இன்று கட்டப்படும் புதிய வீட்டுக்கும், அது 1991 இல் இருந்திருந்தால் என்ன விலை என்று கற்பனை செய்தே தரம் இடுகின்றனர்! இதனை நிர்வாகம் என்பதா, சோதிடம் என்பதா?

தரங்களின் அமைப்பே ஏழைக்கு எதிரானது. 40,000 பவுண் வரை ஏ தரம். 320,000 பவுணுக்கு மேல் எச் தரம். விலையில் எட்டு மடங்கும் அதற்கு மேலும் வேறுபாடு. வரியிலோ மூன்று மடங்கு மட்டுமே. அதற்கு மேல் எத்தனை கோடி பெறுமதியான மாளிகையாயினும் ஒரே வரிதான். செல்வம் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் எச் தர மாளிகை 2024-25 இல் செலுத்திய வரி, வறுமைப்பட்ட வடகிழக்கு நகரமான ஹார்ட்டில்பூலில் டி தர வீடு செலுத்தியதைவிடக் குறைவு.

முறையிடலாமே என்பீர்கள். முறையிட்டால் தரம் குறையலாம், கூடவும் செய்யலாம். அயலவரின் தரம் தவறென்று கண்டால் அதுவும் உயரும். "அவையின்ரை வயிற்றில் அடிச்சு எனக்கு நீதி வேண்டாம்" என்று என் தங்கை கடிதத்தை மடித்து வைத்தாள். அயலவரைப் பகைக்க அஞ்சும் மனிதரின் மௌனத்தில் ஒரு வரிமுறை உயிர் வாழ்கிறது.

மறுமதிப்பீடு செய்தால் வருமானமின்றி வீடு மட்டுமே உள்ள முதியோர் நொந்துபோவர் என்பது ஆள்வோரின் வாதம். வீடு கைமாறும்போது அறவிடும்படி அவர்களின் வரியைத் தள்ளிவைக்கலாம். செய்ய முடியாத காரியமா இது? வேல்ஸ் 2003 ஆம் ஆண்டு விலைப்படி மறுமதிப்பிட்டு 2005 இல் நடைமுறைப்படுத்தியது. அங்கு தரம் இறங்கியவற்றைவிட ஏறிய வீடுகளே அதிகம் என்று கண்டதும், அதே ஆண்டில் இங்கிலாந்து தன் மறுமதிப்பீட்டை ஒத்திவைத்தது. அச்சம் முதியோரைப் பற்றியதன்று. வாக்குப் பெட்டியைப் பற்றியது. 2028 ஏப்ரல் முதல் 20 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு மேலதிக வரி என 2025 நவம்பரில் அறிவித்தனர். அதற்காக உச்சியில் உள்ளவற்றை மதிப்பிட முடியுமாயின், மற்றவற்றை ஏன் முடியாது? அந்தப் பணமும் மத்திய திறைசேரிக்கே செல்லும்.

நாம் நகைப்பதற்கும் இடமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கில் ஆதனவரி விதிக்கும் முறையை நமக்குத் தந்தவர்களும் ஆங்கிலேயரே. 1947 ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தில் அது இன்றும் உண்டு. அளவுகோல் வாடகையாயினும் விலையாயினும், உரிய காலத்தில் மீண்டும் அளக்காவிடில் அது அநீதியின் கோலாகவே மாறும். மதிப்பீடு பழையதாகும்போது இலாபமடைவோர், வீட்டு விலை வேகமாக ஏறிய இடங்களில் வாழ்வோர். நட்டமடைவோர், ஏறாத தெருக்களில் வாழ்வோர். அவர்களுக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பதும் அரிது.

என் தங்கை இவ்வாண்டும் வரியைச் செலுத்திவிட்டாள், 1991 ஆம் ஆண்டின் கணக்கில்.