கஷ்டப்பட்டால்தான் வீரரா?

"கஷ்டப்பட்ட பிள்ளைதான் ஜெயிக்கும்" என்ற நம்பிக்கை விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பள்ளி மைதானங்களிலும் பரவலாக உண்டு. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டத்திலோ கபடியிலோ தோற்று நிற்கும்போது ஆறுதலாகவும் அறிவுரையாகவும் அதுவே சொல்லப்படுகிறது. இளம் வீரர்கள் தடைகளைத் தாண்டி வளர்கிறார்கள் என்பது உண்மை. தடையே அவர்களை வளர்க்கிறது என்பது பிழை. அந்தப் பிழைக்கு ஆதாரமாக நான்கு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன.

1. "வறுமைதான் வீரரை உருவாக்குகிறது."

அப்படியானால் இந்த வட்டாரம் நாட்டுக்கே வீரர்களை வாரி வழங்கியிருக்க வேண்டும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சிவகாசி ஆலைகளைக் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், விதிமீறி வேலைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆலைகளில் உழைத்த குழந்தைகளின் தலைமுறைக்குக் கஷ்டத்தில் குறைவே இல்லை. விளையாட மாலை நேரமும், வயிறாரச் சோறும், திறமையைக் கண்டுசொல்ல ஓர் ஆளும்தான் இல்லை.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கடும் நெருக்கடியில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே நன்கு முன்னேறினர். அவர்களுக்கு அக்கறையுடன் துணைநின்ற பெரியவர் ஒருவராவது இருந்தார். மற்ற இரண்டு பங்கினரைப் போன்றோரின் கதைகள் செய்தித்தாளில் வருவதில்லை.

மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பெற்றோரை இளமையில் இழந்தவர். வெறுங்காலில் ஓடத் தொடங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இக்கதையில் வறுமை மட்டும் எடுத்துச் சொல்லப்படுகிறது. கூலி வேலை செய்து வளர்த்த பாட்டி ஆரம்மாள், பாட்டியை இணங்கவைத்துப் பயிற்சி தந்த கண்ணன், இடம் கொடுத்த லேடி டோக் கல்லூரி ஆகிய மூன்றையும் நீக்கினால் ஒலிம்பிக் இல்லை.

2. "தோல்வியே பாடம் சொல்லித்தரும்."

தோற்றோம் என்பதை மட்டுமே தோல்வி சொல்லும்; ஏன் என்று சொல்லாது. சேலம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன் 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது, அவர் பந்துவீசும் முறை மீது புகார் எழுந்தது. பயிற்சியாளர்களின் உதவியுடன் அதைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தவர், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். குறையைக் கண்டு திருத்த, பயிற்சி பெற்ற கண்கள் தேவைப்பட்டன.

விளையாட்டு உளவியலாளர் டேவ் காலின்ஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. உச்சம் தொட்டவர்களையும் நூலிழையில் தவறவிட்டவர்களையும் பிரித்தது அவர்கள் பட்ட அடியின் அளவு அல்ல. அடிபட்டபின் அவர்கள் நடந்துகொண்ட விதமே. அந்த விதம் கற்றுத்தரக்கூடியது. 400 மீட்டரில் கடைசி 100 மீட்டரில் துவண்டுபோகும் சிறுமியிடம் "மனவலிமை போதாது" என்பதில் பயனில்லை. அழுகை அடங்க ஒரு நாள் விட்டு, முதல் 200 மீட்டரை எத்தனை நொடியில் ஓடினாள் என்று அவளுடனேயே பார்த்து, அடுத்த வாரப் பயிற்சியை மாற்றுவதே பாடம்.

3. "திட்டும் அடியும் மனத்தை உறுதியாக்கும்."

அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்ற பழமொழி மைதானத்துக்குப் பொருந்தாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அடிக்கு அஞ்சும் பிள்ளை முதலில் கற்பது காயத்தை மறைப்பதைத்தான். வளரும் வயதில் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. நொண்டவைக்கும் வலியும் நாள்பட்ட வலியும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. விருதுநகர் மாவட்டத்துக் கோடை வெயிலில் தண்ணீர் தராமல் ஓடவைப்பதும் உறுதியை வளர்க்காது, உயிருக்கே உலைவைக்கும்.

4. "உதவி செய்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்."

சிவகாசிக்குத் தெற்கே, தீப்பெட்டித் தொழிலுக்கும் ஹாக்கிக்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி இதற்குப் பதில். அங்குள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி மையத்தில் தங்கிப் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினர். விடுதியும் உணவும் பயிற்சியைச் சுலபமாக்கவில்லை. கடும் பயிற்சியைத் தாங்கும் உடலைத் தந்தன.

இவ்வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. உளவியலாளர் மார்க் சீரி குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், துன்பமே அறியாதவர்களையும் மிகுதியாகத் துன்பப்பட்டவர்களையும்விட, ஓரளவு துன்பம் கண்டவர்களின் மனநலம் மேலாக இருந்தது. ஆகவே அளவான சவால் வேண்டும்: மூத்தவர்களுடன் மோதுவது, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில் ஆட்டத்தைத் தொடங்கிப் பழகுவது, வெளியூர்ப் போட்டி. இவை பயிற்சியாளர் கூட்டவும் குறைக்கவும் கூடியவை.

2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சன்குளத்திலும் நேர்ந்தவை போன்ற பட்டாசு ஆலை வெடி விபத்துகள் அத்தகைய அளவான சவால்கள் அல்ல. அப்படி ஓர் இழப்பு நேர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சோதனை என்று உபதேசிப்பது கொடுமை. அணியில் இடத்தைக் காத்துவைப்பது, மனநல ஆலோசனை, பயணச் செலவு, திரும்பிவர அவகாசம் ஆகியவற்றைத் தருவதே பள்ளியின் கடமை, பயிற்சியாளரின் கடமை.