வெண்ணெய்த் தொட்டி மலையும் பிரெஞ்சுப் பந்தயமும்

'தூர் த பிரான்ஸ்' என்னும் பெரும் துவிச்சக்கர வண்டிப் பந்தயம் 2027ஆம் ஆண்டிலே பிரித்தானிய மண்ணில் தொடங்கும் என்று 2025 மார்ச்சு மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஆடவர் பந்தயத்தோடு மகளிர் பந்தயமும் அவ்வாண்டில் அங்கேயே தொடங்கும் என்றார்கள். விளையாட்டுப் பக்கத்துச் செய்தியென்று படித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயினும், ஒரு மலைநாட்டு மக்கள் தம் ஒடுங்கிய வீதிகளை உலகத்தின் கண்களுக்கு இரண்டொரு நாள் ஒப்படைக்கும்போது, அவர்களுக்கு எஞ்சுவது யாது என்ற வினா இதனுள் இருக்கிறது. அதற்கு விடை காண நாம் 2027வரை காத்திருக்க வேண்டியதில்லை. வட இங்கிலாந்தின் யோர்க்ஷயர் டேல்ஸ் என்னும் சுண்ணக்கல் மேட்டுநிலம் இவ்வனுபவத்தை 2014இலும் 2019இலும் பெற்றுவிட்டது.

அந்நிலத்தின் இயல்பை முதலிற் சொல்ல வேண்டும். ஏறத்தாழ முப்பத்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெப்பக் கடலொன்றில் படிந்த சுண்ணக்கல்லே அதன் அடித்தளம். மழைநீர் அக்கல்லைக் கரைத்து, பிளவுகளாகவும் புழைகளாகவும் குகைகளாகவும் ஆக்கிவிட்டது. மாலம் ஏரியினின்று புறப்படும் ஓடை சிறிது தூரம் ஓடிப் புல்வெளி நடுவே மறைந்துவிடும். அதற்குக் கீழே எண்பது மீற்றர் உயரத்தில் மாலம் கோவ் என்னும் வெண்பாறைச் சுவர் நிற்கிறது. அதன் அடியிலிருந்தும் ஓர் ஓடை வெளிப்படுகிறது. மேலே மறைந்த நீர்தான் இங்கே தோன்றுகிறது என்று காண்போர் எவரும் எண்ணுவர். சோதித்தவர்கள் கண்டதோ வேறு: ஏரியின் நீர் ஊருக்கு அப்பால் வேறோர் ஊற்றில் எழுகிறது! நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் அறிந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதில் வியப்பிராது. நம்முடைய சுண்ணக்கல் வயதில் மிக இளையது; எனினும் ஆறு இல்லாத ஊரில் நீர் அடிநிலத்தில் நடமாடும் வித்தை ஒன்றேதான்.

இங்கிள்பரோ மலைச்சாரலில் கேப்பிங் கில் என்றொரு பாதாளப் புழை உண்டு. ஏறத்தாழ நூறு மீற்றர் ஆழத்துக்கு ஓடை நேரே வீழும் அப்புழையில், 1895ஆம் ஆண்டிலே நூலேணி கட்டி முதன்முதலாக அடிவரை இறங்கியவர் எதுவார் மார்த்தெல் என்ற பிரெஞ்சுக்காரர். யோர்க்ஷயரின் செங்குத்தை நாடிப் பிரெஞ்சுக்காரர் வந்தது 2014இல் முதன்முறையன்று என்பதற்காக இதைச் சொல்லி வைத்தேன்.

இனி வீதிகள். அல்ப்ஸ் மலையின் பெருங்கணவாய்கள் இரண்டாயிரம் மீற்றரையும் தாண்டுபவை. ஆயினும் அங்குள்ள சாலைகளிற் பல, பாரவண்டிகளும் பீரங்கிகளும் ஏறத்தக்க வகையில் பொறியியலாளர் வகுத்தவை. வளைந்து வளைந்து, பெரும்பாலும் ஒரே சீரான சாய்வோடு செல்வன. டேல்சின் வீதிகளை எவரும் வகுக்கவில்லை. பொதிகுதிரைகளும் ஆட்டுமந்தைகளும் சந்தைக்குச் சென்ற தடங்களே பிற்காலத்தில் தார் பூசப்பெற்றன. மந்தை ஓட்டுபவன் வளைந்து செல்வதைவிட நேரே ஏறுவதையே விரும்பினான் போலும். ஆகவே, உயரத்தில் 589 மீற்றரை மட்டும் எட்டும் பிளீற் மொஸ் வீதியும், கெற்றில்வெல் ஊரினின்று எழும் பார்க் ராஷ் வீதியும், மிகச் செங்குத்தான இடங்களைக் கொண்டுள்ளன. மலையின் அமைப்பும் இதற்கு உடந்தை. அடியில் திண்ணிய சுண்ணக்கல், அதன்மேல் சுண்ணக்கல்லும் களிக்கல்லும் மணற்கல்லும் மாறிமாறி அடுக்கிய படைகள், உச்சியில் கரடுமுரடான மணற்பாறை. வன்மையான படை நிமிர்ந்து நிற்க, மென்மையான படை கரைந்து தளமாகிறது. ஏறுபவன் மலையைப் படிக்கட்டாகவே உணர்வான். ஒரு செங்குத்து முடிந்ததென்று மூச்சுவிடும்போது அடுத்தது தொடங்கும்.

இவற்றுட் பெயர்பெற்றது பற்றர்ரப்ஸ் கணவாய். வென்ஸ்லிடேலின் ஹோஸ் என்னும் சந்தை ஊரையும் சுவேல்டேல் பள்ளத்தாக்கையும் இணைப்பது. உயரம் 526 மீற்றர். உச்சியைக் கடந்ததும் வீதியோரத்தில் இருபது மீற்றர் ஆழமுள்ள சுண்ணக்கற் புழைகள் காணப்படும். சந்தைக்குச் செல்லும் குடியானவர்கள் இளைப்பாறும்போது வெண்ணெய் உருகாதிருக்க அதனைப் புழைக்குள் இறக்கி வைப்பார்களாம். அதனாலேயே 'வெண்ணெய்த் தொட்டிகள்' என்ற பெயர். லீட்ஸ் நகரில் படித்த நாட்களில் ஒரு வைகாசி மாதத்தில் நான் அக்கணவாயை ஏறியிருக்கிறேன். ஏறினேன் என்பதிற் பாதி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததாகும். மேடு பள்ளமற்ற வலிகாமத்து ஒழுங்கைகளில் பழகிய கால்கள் அவை. சாய்வைக் காட்டிலும் என்னை வருத்தியது காற்று. மரமில்லாத அம்மேட்டில் அது எத்திசையினின்றும் வரும். புழையின் விளிம்பில் நின்று குனிந்தபோது, பன்னம் படர்ந்த கற்றூண்களுக்கிடையிலிருந்து குளிர்ந்த ஈரக்காற்று முகத்தில் எழுந்தது. வெண்ணெய்க் கதை உண்மையாகவே இருக்கலாம் என்று அப்போது நம்பினேன்.

2014 ஜூலை 5ஆந் திகதி லீட்சினின்று புறப்பட்ட பந்தயம் 190 கிலோமீற்றர் கடந்து ஹரோகேற் நகரில் முடிந்தது. வழியில் கிறே, பற்றர்ரப்ஸ், கிறின்ரன் மூர் என மூன்று ஏற்றங்கள். பற்றர்ரப்சில் யென்ஸ் வோக்ட் என்னும் நாற்பத்திரண்டு வயது ஜேர்மானியர் தன்னந்தனியாய் முன்னேறி, மலை வீரனுக்குரிய புள்ளிச் சட்டையைப் பெற்றார். அன்று அம்மலைச்சாரல் கண்ட கூட்டத்தை அப்பள்ளத்தாக்குகள் அதற்குமுன் கண்டதில்லை. மதில்களில் மஞ்சள் பூசிய பழைய துவிச்சக்கர வண்டிகள் தொங்கின. ஆடுகளுக்குங்கூட மஞ்சட் சாயம் ஏற்றினார்கள். யோர்க்ஷயருக்கு மட்டும் பத்துக் கோடிப் பவுணுக்கு மேல் வருவாய் கிடைத்தது என்று பின்னர் வெளியான அறிக்கை கணக்கிட்டது.

அக்கணக்கைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆயினும் அது யாருடைய பையிற் சேர்ந்தது என்பதைக் கேட்க வேண்டும். விடுதிகளும் உணவுச்சாலைகளும் மிகுந்த நகரங்கள் பெரும் பங்கைப் பெற்றிருக்கும்; மலை ஊர்களுக்குக் கிடைத்தது பெயர். அந்தப் பெயரும் ஒரு செல்வந்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் பெற்ற ஊரில் வீட்டு விலை என்னாகும்? டேல்ஸ் தேசியப் பூங்கா முழுவதிலும் வாழ்வோர் இருபத்தையாயிரம் பேருக்கும் குறைவு. அங்குள்ள வீடுகளிற் கணிசமானவை, நகரத்தார் விடுமுறைக்கு வந்து தங்கும் இரண்டாம் வீடுகள். இளந்தம்பதியர் ஊரில் வீடு வாங்க இயலாது வெளியேறுகின்றனர். அவர்களோடு பிள்ளைகளும் போகின்றனர். இதற்குப் பந்தயம் காரணமன்று. இந்நோய் அதற்கு முந்தியது. ஆனால் பந்தயம் அதற்கு மருந்தாகும் என்று விழாக் காலத்தில் சொல்லப்பட்டதே, அதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஆசிரியர்கள் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். ஹோட்டன் இன் றிபிள்ஸ்டேல் ஊரின் தொடக்கப் பள்ளி 2017இல் மூடப்பட்டது. சுவேல்டேலின் கிளைப் பள்ளத்தாக்காகிய ஆர்க்கன்காத்டேலில் 1659ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த பள்ளி, 2019 கோடையில் தன் கதவைச் சாத்தியது. மாணவர் தொகை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தமையே காரணம். அதே கோடையில், ஜூலை 30ஆந் திகதி, அதே பள்ளத்தாக்கில் பெருமழை கொட்டியது. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, கற்சுவர்கள் சரிந்தன, கிறின்ரன் மூர் வீதியின் பாலம் ஒன்று இடிந்து வீழ்ந்தது. செப்டெம்பரில் உலக வாகையர் பந்தயம் செல்ல வேண்டிய வீதி அது. பந்தயத்துக்கு முன் தற்காலிகப் பாலம் போடப்பட்டது. பந்தயம் இல்லாதிருந்தால் அவ்வளவு விரைவில் பாலம் வந்திருக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்த அளவுக்கு விழாவினால் நன்மையே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மழை விடவில்லை. செப்டெம்பர் 28ஆந் திகதி நடந்த மகளிர் பந்தயத்தில், லொவ்ற்ஹவுஸ் ஏற்றத்தில் பிரிந்து சென்ற அனமீக் வான் வ்லூற்றன் என்னும் ஒல்லாந்து வீராங்கனை, எஞ்சிய நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைத் தனியே கடந்து வெற்றி பெற்றார். அவ்விரு நாட்களில் என் மனத்தில் நிலைத்த காட்சி அதுதான். மறுநாள் ஆடவர் பந்தயத்தில் வீதிகள் நீரில் மூழ்கியமையால் பற்றர்ரப்சும் கிறின்ரன் மூரும் நீக்கப்பட்டன. பாதை 262 கிலோமீற்றராகக் குறுகியது. புழை நிறைந்த கல் மழையை உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். புழைகள் நிரம்பியபின் அக்கல்லும் மற்றைக் கல்லைப் போன்றதே. 2015 டிசெம்பரில் வீசிய புயலின்போது, வறண்டு நின்ற மாலம் கோவின் உச்சியினின்று, வாழ்வோர் நினைவில் முதன்முறையாக, அருவி ஒன்று வீழ்ந்தது. பார்த்தவர் மகிழ்ந்தனர், அதே மழையில் கீழ்நாட்டு ஊர்களில் வெள்ளம் வீடுகளை அழித்துக்கொண்டிருந்தது.

2014ஆம் ஆண்டுப் பந்தயத்தை அழைத்துவரப் பாடுபட்ட யோர்க்ஷயர் உல்லாசப் பயண அமைப்பு 2022இல் நிதி முடைப்பட்டு மறைந்தது. அதன் ஆதரவில் 2015இல் தொடங்கிய உள்ளூர்ப் பந்தயமும் 2019ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. வீதிகள் நிற்கின்றன, அவற்றில் ஏறுபவர்களும் நிற்கவில்லை. தனியாகவும் இருவர் மூவராகவும் வருகின்ற இந்த எளிய பயணிகளைப் பற்றி அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. மூச்சு வாங்கி ஏறுபவனுக்குப் பசிக்கும். அவன் ஊர்க் கடையில் உண்பான், இரவு அங்கேயே தங்குவான், அடுத்த ஆண்டும் வருவான். ஒரு பிற்பகலில் வந்து கையசைத்துப் போகும் பெருங்கூட்டத்தைவிட, மழை மாதத்திலும் திறந்திருக்கும் ஒரு தேநீர்க் கடையே அம்மலைக்கு உதவுவது. அக்கடையை நடத்துபவர் குடியிருக்க ஊரில் ஒரு வீடும் வேண்டும்.

வட யோர்க்ஷயர் மன்றம் 2025 ஏப்பிரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு இருமடங்கு வரி விதித்திருக்கிறது. 2027இல் பந்தயத்தை வரவேற்கும் மாவட்டங்கள், மதிலுக்கு மஞ்சள் வாங்குமுன் இந்த வரிப் பணம் எத்தனை குடும்பங்களுக்கு வீடாகிறது என்பதைச் சுவேல்டேலுக்குச் சென்று கேட்டறிதல் நன்று.