சின்ன ஃபிளாட்டும் விசாலமாகும்... தரை தெரியட்டும், வெளிச்சம் வரட்டும்!

விளம்பரத்தில் 900 சதுர அடி என்று இருக்கும். சாவி வாங்கி உள்ளே போய் டேப் பிடித்தால் 650-தான் வரும். மீதி எங்கே?

லிஃப்ட், படிக்கட்டு, காரிடார் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா'. உள்ளே நிஜமாகப் புழங்கும் இடம் 'கார்பெட் ஏரியா'. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, வெளிச்சுவரும் பால்கனியும் இந்தக் கணக்கில் வராது. அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் வரும். இன்டீரியர் வேலையை இந்த அளவை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

அந்த 650-க்குள்தான் பத்தாவது படிக்கும் பிள்ளையும் இருக்கும், முட்டிவலியோடு பாட்டியும் இருப்பார். அதனால் போட்டோவில் பெரிதாகத் தெரிந்தால் மட்டும் போதாது. நாலு பேரும் இடித்துக்கொள்ளாமல் நடமாடவும் வேண்டும்.

முதலில் டேப், அப்புறம் கடை

ஷோரூம் பெரியது என்பதால் அங்கே எந்த சோபாவும் சின்னதாகத்தான் தெரியும். பிடித்த சோபாவின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஹாலில் அதே அளவுக்குப் பழைய நியூஸ்பேப்பரை விரித்து ஒட்டி, இரண்டு நாள் சுற்றி நடந்து பாருங்கள். நடக்க இரண்டரை அடி வழி இல்லையென்றால், அந்த சோபா உங்கள் வீட்டுக்கு இல்லை. அலமாரிக் கதவு கட்டிலில் இடித்தால் ஸ்லைடிங் கதவு போடலாம்.

தரை தெரிய வேண்டும்

தரை எவ்வளவு தெரிகிறதோ, அறை அவ்வளவு பெரிதாகத் தோன்றும். கால் வைத்த சோபா, சுவரில் மாட்டிய டிவி யூனிட், வேண்டும்போது விரித்து, முடிந்ததும் சுவரோடு மடிக்கும் மேஜை... இவையெல்லாம் தரையை விடுவிக்கும். ஆனால், இணையத்தில் பார்க்கும் தாழ்வான சோபாவுக்கு மயங்க வேண்டாம். உட்காரும் உயரம் ஒன்றரை அடியாவது இல்லையென்றால் பாட்டிக்கு எழுந்திருக்க முடியாது. கடைசியில் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். அதுவும் இடத்தை அடைக்கும்.

வெளிச்சம் செய்யும் வேலை

சுவருக்கும் சீலிங்குக்கும் நெருக்கமான வெளிர் நிறங்களைப் பூசினால் அறையின் எல்லை கண்ணை உறுத்தாது. கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டுங்கள். துணிக்கொடிக்கு எதிரே மாட்டினால் துணிதான் இரண்டு மடங்காகும்! கர்ட்டன் கம்பியை சீலிங்குக்குக் கொஞ்சம் கீழே, ஜன்னலைவிட இருபக்கமும் அரையடி நீட்டி மாட்டினால், திரையை விலக்கும்போது முழு ஜன்னலும் கிடைக்கும். ஒரே டியூப்லைட் மூலைகளை இருட்டாக விட்டுவிடும். மூலையில் ஒரு சின்ன விளக்கு போதும். சீலிங் 9 அடிதான் என்றால், அறை முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டு அரையடியை இழக்காதீர்கள்.

அடைக்கும் முன் கழியுங்கள்

கூடுதல் அலமாரி செய்யச் சொல்லும் முன் பரணைத் திறந்து பாருங்கள். டிவி வந்த அட்டைப்பெட்டி, மூடி தொலைந்த குக்கர், யாரும் தொடாத சூட்கேஸ்... இவற்றைக் கழித்தால் காசில்லாமலே இடம் கிடைக்கும். போர்வை, தலையணைக்கு அடியில் ஸ்டோரேஜ் உள்ள கட்டில் கைகொடுக்கும். வெளிச்சுவரை ஒட்டி மர அலமாரி வைத்தால் மழைக்காலத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கலாம். ஓரிரு அங்குலம் இடைவெளி விடுங்கள்.

சுவரை இடிக்கலாமா?

சமையலறைச் சுவரை எடுத்தால் ஹால் பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால், 'மிவான்' முறையில் கட்டும் அடுக்குமாடிகளில் உள்சுவர்களும் கான்கிரீட். கட்டடத்தின் பாரத்தை அவையும் தாங்குகின்றன. கட்டட இன்ஜினீயரும் அசோசியேஷனும் எழுத்தில் சம்மதிக்காமல் சுத்தியல் எடுக்க வேண்டாம். அப்படியே எடுத்தாலும், புகையை வெளியே தள்ளும் சிம்னி இல்லையென்றால் தாளிப்பு வாசனை படுக்கையறை வரை வரும்.

வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. முதலில் கழித்தல், பிறகு இடம் மாற்றுதல், அப்புறம் பெயின்ட்டும் விளக்கும். மர வேலை கடைசியில். முதல் இரண்டையும் முடித்துவிட்டு ஒரு மாதம் வாழ்ந்து பாருங்கள். ஆசாரியிடம் கொடுக்கும் லிஸ்ட் பாதியாகக் குறைந்திருக்கும்.