விதைப்பு முடியட்டும் என்னாதீர்!

மாரி பிறந்துவிட்டால் குச்சவெளிப் பகுதியில் கடலை நம்பியோர் வலையைக் கரையேற்றுவர். வயலை நம்பியோர் முழங்காற் சேற்றில் இறங்குவர். அக்காலத்தில் உடம்பு காய்ந்தாலும், "விதைப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்பது நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் உயிரையே விலையாகக் கேட்கக் கூடியது என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 150,000 முதல் 450,000 வரை சிறுதட்டுகள் உள்ளன. இத்தாலிய அறிஞர் பிட்சோசெரோ 1882ஆம் ஆண்டில் இவற்றின் பணியை விளக்கினார். குழாயில் கீறல் விழுந்தால் இவை ஓடிச்சென்று ஒட்டி அடைக்கும். பின்னர் பைபிரின் என்னும் இழை வலைபோற் பின்னி அவ்வடைப்பை உறுதியாக்கும்.

இக்காவலைப் பற்றீரியாக்களின் நஞ்சு குலைப்பது விந்தையான முறையிலாகும். சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டைபிலோகொக்கசின் அல்பா நஞ்சை நோக்குக. அதன் ஏழு மூலக்கூறுகள் வளையமாய்க் கூடிக் கலத்தின் சவ்வைத் துளைக்கும். துளைபட்ட சிறுதட்டுகள், காயம் இல்லாத இடத்திலும் காயம் உண்டெனக் கருதியவை போல் திரண்டு செலவாகிவிடும். கள்வன் வராத தெருவிற் காவலர் கூடிக் களைத்திருக்க, கள்வன் புகுந்த வீட்டில் ஒருவரும் இல்லாமை போன்றது இது. ஆதலின் ஒரே உடம்பில் நுண்குழாய்கள் அடைபடுதலும் வேறிடத்தில் குருதி ஒழுகுதலும் சேர்ந்து நிகழலாம்.

நம் வயல்களில் இத்தகைய கேட்டை விளைப்பது எலிக்காய்ச்சல். 1915ஆம் ஆண்டளவில் யப்பானிய அறிஞர் இனாடாவும் இடோவும் இதன் சுருளுருக் கிருமியைக் கண்டறிந்தனர். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் இது புகும். குருதிக் குழாயின் உட்சுவர் பழுதுறும்; சிறுதட்டுகள் குறையும்; கடுமையுற்றால் சிறுநீரகம் தளரும், நுரையீரலுள்ளும் குருதி கசியும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. 2024 திசெம்பரில், பெருமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பலரைக் காவுகொண்ட காய்ச்சலும் இதுவேயென்று பரிசோதனையில் தெளிந்தது.

வயலுக்குச் சென்றவர்க்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் கண்டால், அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுக. வயல்வேலையை மறவாது சொல்லுக. சிறுநீர் குறைதலும் மஞ்சள் நிறமும் தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. அஸ்பிரின் கொடுத்தல் கூடவே கூடாது. எஞ்சிய சிறுதட்டுகளின் ஒட்டும் ஆற்றலையும் அது கெடுத்துவிடும். விதைப்புக்கு முன்னரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகினால், தக்கவர்க்கு வாரந்தோறும் உட்கொள்ளும் டொக்சிசைக்கிளின் மாத்திரை கிடைக்கும்.

தாய்மாரே, மனைவிமாரே! ஆடவர் காய்ச்சலை மறைப்பர். அடுப்படியில் நிற்கும் உங்கள் கண்ணுக்கே அது முதலிற் புலப்படும். வயல் அடுத்த போகத்திலும் விளையும், உழுதவன் வேண்டுமன்றோ?